சுவரேறிய பலகை: தஞ்சாவூர்ப் படங்களின் முதுகுப்புற வரலாறு

தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் அதன் முகப்போடு நின்றுவிடுகின்றன. தங்கத் தகட்டின் மினுக்கு, மேடாக எழுப்பிய தூண்களும் திரைச்சீலைகளும், வெண்ணெய்க் கிருஷ்ணனின் கொழுத்த மேனி, பதித்த கற்கள் ஆகியவை பக்கம் பக்கமாக விவரிக்கப்படும் அளவுக்கு, அவற்றையெல்லாம் சுமந்து நிற்கும் மரப்பலகையின் முதுகோ, அதில் அறைந்த குறுக்குக் கட்டைகளோ, அதைச் சுவரோடு பிணைத்த ஆணியும் வளையமும் கயிறுமோ ஆய்வாளர்களின் கண்ணில் படுவதில்லை. ஆனால் இந்த ஓவிய மரபுக்குக் கலைஞர்களிடையே வழங்கிய பழைய பெயர் 'பலகைப் படம்' என்பதே. மரப்பலகையின்மேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பூச்சுப் பூசி வரையப்படும் படம் என்பது அதன் பொருள். மரவேலையாகத் தொடங்கி ஓவியமாக முடியும் அந்தப் பொருள், பூசை மாடத்தில் சாத்தி வைக்கப்பட்ட நிலையிலிருந்து கூடத்துச் சுவரில் தொங்கவிடப்படும் நிலைக்கு வந்தது எப்படி என்பதும், அந்த மாற்றம் அதன் ஆயுளை எப்படித் தீர்மானித்தது என்பதும் அதன் பின்புறத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

தமிழகத்தில் ஓவியத்துக்கும் சுவருக்கும் உள்ள உறவு மிகப் பழையது; எனினும் அந்த உறவில் நெடுங்காலம் ஆணிக்கு வேலை இருக்கவில்லை. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டிய மன்னனின் பெயரிலேயே ஓவியம் தீட்டிய மாளிகை ஒன்று இடம்பெற்றிருக்கிறது. பரிபாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. சித்தன்னவாசலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் சுவரும் விதானமுமே ஓவியத்தின் உடலாக இருந்தன. சுவரல்லாத பரப்பு என்றால் அது 'கிழி' என்றும் 'படாம்' என்றும் சொல்லப்பட்ட துணிதான். அதைச் சுருட்டலாம், விரிக்கலாம், கையில் ஏந்தலாம். சுவரோவியத்தின் வசதிக்குறைவு ஒன்றைப் பெரிய கோயிலே காட்டுகிறது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றுப் பாதையில் சோழர் கால ஓவியங்களின்மேல் நாயக்கர் காலத்தார் புதிய சுதை பூசி வேறு ஓவியங்களைத் தீட்டினர். மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் கீழே சோழர் வண்ணம் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். சுவரில் எழுதியதை மாற்ற வேண்டுமானால் மறைக்கத்தான் வேண்டும், கழற்றி வைக்க வழியில்லை. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் கால ஓவியப் படலத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்திக் காட்சிக்கு வைத்தனர் என்பது, சுவரோவியமே இறுதியில் பலகைப் படமாக மாறிய விசித்திரம்.

கழற்றி வைக்கக்கூடிய, இடம்விட்டு இடம் எடுத்துச் செல்லக்கூடிய கனமான படம் என்ற கருத்து தஞ்சாவூரில் வேரூன்றியது மராத்தியர் ஆட்சியில், அதாவது 1676க்கும் 1855க்கும் இடைப்பட்ட காலத்தில்; குறிப்பாக இரண்டாம் சரபோஜி அரசராக இருந்த 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகளில் அது தழைத்தது. தெலுங்கு பேசும் ராஜு குடும்பத்தாரும் நாயுடு குடும்பத்தாரும் இந்தத் தொழிலில் முன்னின்றனர். ஜெயா அப்பாசாமி மராத்தியர் காலத் தஞ்சாவூர் ஓவியம் குறித்து எழுதி 1980இல் வெளிவந்த நூல் இந்த மரபைத் தொகுத்து நோக்கிய முக்கிய முயற்சி. அரசவைப் படங்களும் அரசர் உருவப் படங்களும் ஒருபுறம் வரையப்பட்டாலும், மிகுதியான படங்கள் வழிபாட்டுக்கானவை. இராமர் பட்டாபிஷேகம், ஆலிலைக் கண்ணன், தவழும் கிருஷ்ணன், கஜலட்சுமி முதலிய சிறிய படங்கள் வீட்டுப் பூசையறைக்கும், ஆளுயரப் படங்கள் பஜனை மடங்களுக்கும் செய்யப்பட்டன.

வழிபாட்டுக்குச் செய்யப்பட்டவை என்பதால்தான் தொடக்க காலப் படங்கள் பலவற்றுக்குத் தொங்கவிடும் ஏற்பாடே தேவைப்படவில்லை. பூசையறையின் மாடத்திலோ மேடையிலோ படிகளிலோ, விக்கிரகங்களுக்கும் குத்துவிளக்குக்கும் பின்னால் படம் சாத்தி நிறுத்தப்பட்டது. அடிப்பக்கம் தரையில் ஊன்றி, மேற்பக்கம் சுவரில் சாய்ந்திருக்கும் பலகையின் எடையைத் தரையே தாங்கிக்கொள்ளும். சுவரின் வேலை சரியவிடாமல் பிடிப்பது மட்டுமே. பூ வைக்கவும் சந்தனம் குங்குமம் இடவும் கைக்கு எட்டும் உயரம் வேண்டும் என்பதும் இந்த அமைப்புக்கு ஒரு காரணம். கைக்கு எட்டிய அந்த உயரமே பல படங்களின் கீழ்ப்பகுதி எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துப்போனதற்கும் காரணம்.

பலகை செய்யப்பட்ட முறையை இங்கே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பலாமரமே இதற்கு முதன்மையானது, தேக்கும் பயன்பட்டது. ஒரே மரத்தில் அகலமான பலகை அறுப்பது அரிது என்பதால், பெரிய படங்களுக்கு இரண்டு மூன்று பலகைகளை விளிம்போடு விளிம்பு இழைத்துச் சேர்த்தனர். முன்புறத்தில் புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையால் பருத்தித் துணியை ஒட்டி, சுண்ணத் தூளையும் பசையையும் குழைத்துப் பல பூச்சுகள் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். இந்தத் துணி ஓவியம் எழுதுவதற்கான பரப்பு மட்டுமன்று. பலகைகள் சேருமிடத்தில் பிளவு கண்டால் அது உடனே ஓவியத்தில் தெரிந்துவிடாதபடி மேலே பாலம் போல் கிடப்பதும் அதுவே. அதன்மேல் 'மக்கு' எனப்படும், சுண்ணத் தூளும் பசையும் கலந்த குழைவால் நகையும் மண்டபமும் புடைப்பாக எழுப்பப்பட்டு, கற்கள் பதிக்கப்பட்டு, தங்கத் தகடு ஒட்டப்பட்டது. ஆக முன்புறம் துணி, சுண்ணம், பசை, வண்ணம், தங்கம் என ஐந்தாறு படலங்களால் அடைக்கப்பட்டுவிட, பின்புறமோ இழைப்புளி ஓடிய தடம் மாறாத வெறும் மரமாகவே விடப்பட்டது.

படத்தின் பிற்கால நோய்கள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன. மரம் வெட்டி நூறாண்டு ஆனாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. அதன் நார் ஓடும் திசையில் நீளம் ஏறக்குறைய மாறாமல் இருக்க, நாருக்குக் குறுக்கான அகலம் மட்டும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் விரிந்து சித்திரை வெயிலில் சுருங்குகிறது. மூன்றடி அகலமுள்ள பலகையில் இந்த ஏற்றத்தாழ்வு சில மில்லிமீட்டர் வரை போகும். முன்புறம் அடைபட்டு முதுகு மட்டும் திறந்திருக்கும் பலகையில் ஈரப் போக்குவரத்து முழுவதும் முதுகு வழியாகவே நடப்பதால், விரிந்து சுருங்கும் தொல்லையையும் அந்தப் பக்கமே அனுபவித்து, பல பருவங்கள் கடந்தபின் நிரந்தரமாகவே சற்றுச் சுருங்கிவிடுகிறது. விளைவாகப் பலகை படத்தின் பக்கம் புடைத்து வளைகிறது. ஐரோப்பிய மரப்பலகை ஓவியங்களிலும் இதே திசையில் இதே வளைவு காணப்படுகிறது.

வளைவைத் தடுக்கத் தச்சர்கள் கண்ட வழி, பலகையின் முதுகில் நாருக்குக் குறுக்காகக் கட்டைகளை வைத்து இறுக்குவது. இன்று 'ரீப்பர்' என்ற பெயரில் மரக்கடையில் கிடைக்கும் ஒடுங்கிய சட்டங்களின் மூதாதையர் அவை. இந்தக் கட்டை பலகைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும். படத்தைத் தூக்கக் கைப்பிடியாகும். பின்னாளில் கயிறு கட்டவும் இடமாகும். ஆனால் மூன்று நான்கு இடங்களில் ஆணியறைந்து அசையாமல் இறுக்கிவிட்டால், பலகை விரியவும் சுருங்கவும் இடமின்றித் தன் பலவீனமான இடத்தில், பெரும்பாலும் இணைப்பு வாயிலோ ஆணித் துளையின் நேரிலோ, பிளந்துவிடும். பலகையின் முதுகில் பள்ளம் வெட்டி, பசையோ ஆணியோ இல்லாமல் கட்டையை அதனுள் வழுக்கிச் செருகுவது இதற்கான சரியான தீர்வு. ருஷ்ய நாட்டுத் திருவுருவப் பலகைகளின் முதுகில் அத்தகைய செருகு கட்டைகளைக் காணலாம். மேற்கு ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்போர் பழைய பலகைகளின் முதுகை மெலிதாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக மரச் சட்டக் கூண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் வழுக்கி நகர வேண்டிய கட்டைகள் காலப்போக்கில் இறுகிக்கொண்டதால், காப்பாற்ற வந்த கூண்டே பல ஓவியங்களைப் பிளந்தது. தஞ்சாவூரில் அவ்வளவு விரிவான கூண்டு வேலை நடக்கவில்லை. மரபுக்கு அது நல்லதாகவே முடிந்தது என்று சொல்லலாம்.

படம் மாடத்தை விட்டுச் சுவரேறியதற்கு முதற்காரணம் கண்ணாடியும் சட்டமும். தங்கத்தையும் மக்கையும் கற்களையும் புகையிலிருந்தும் பல்லியிலிருந்தும் கைகளிலிருந்தும் காக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடியைப் பிடித்திருக்க ஆழமான சட்டம் தேவைப்பட்டது. மற்றொரு காரணம் புரவலர்கள் மாறியது. 1855இல் தஞ்சாவூர் அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியோடு சேர்க்கப்பட்ட பின், ஓவியர்களைப் புரந்தவர்கள் செல்வக் குடும்பத்தாரும் வணிகரும் மடங்களுமே. கடல் கடந்து வணிகம் செய்த செட்டிநாட்டு நகரத்தாரின் பெரிய வீடுகளில் முகப்பும் வளவு எனப்படும் உள்முற்றமும் நீண்ட சுவர்களைத் தந்தன. பர்மாத் தேக்கும் தாராளமாக வந்திறங்கியது. கடைந்தும் செதுக்கியும் பட்டை பட்டையாக அடுக்கிய அகன்ற தேக்குச் சட்டம் அங்கே படத்தின் பகுதியாகவே ஆகி, இன்றும் 'செட்டிநாட்டுச் சட்டம்' என்ற பெயரில் தஞ்சாவூர்ப் படங்களுக்குப் போடப்படுகிறது. சட்டத்தின் வரவு தொழில்நுட்பத்திலும் பெரிய நன்மை ஒன்றைச் செய்தது. தொங்கும் எடையைப் பலகை சுமக்காமல் சட்டம் சுமக்கத் தொடங்கியது. சட்டத்தின் உள்பள்ளத்தில் விளிம்போரம் சற்று இடைவெளியோடு பலகையை உட்காரவைத்து, பின்னால் சிறு ஆணிகளால் தடுத்துவிட்டால், பலகை தன் விருப்பப்படி விரிந்து சுருங்கும். நல்ல நிலையில் கிடைக்கும் பழைய படங்களில் இந்த இடைவெளி இருப்பதையும், வெடித்த படங்களில் பலகை சட்டத்தோடு சேர்த்து அறையப்பட்டிருப்பதையும் காணலாம்.

அந்த எடை சாதாரணமன்று. கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ள பலா மரத்தில் 120 சென்டிமீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் கனமும் உள்ள பலகை மட்டும் 13 கிலோ இருக்கும். அதே அளவில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி 8 கிலோ. தேக்குச் சட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 25 கிலோவை எட்டும். சட்டத்தின் இருபுறமும் வளையம் ஏற்றி, இரண்டுக்கும் இடையே கம்பி கட்டி, நடுவில் ஓர் ஆணியில் மாட்டும்போது, கம்பி எவ்வளவு தளர்ந்து கூம்பாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது. கம்பியின் ஒவ்வொரு பாதியும் கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பாதியும் படத்தின் முழு எடைக்குச் சமமான இழுவையைத் தாங்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கம்பியை விறைப்பாகக் கட்டி 10 பாகைக்குக் குறைத்தால், அதே 25 கிலோப் படம் ஒவ்வொரு வளையத்தையும் 70 கிலோவுக்கு மேல் உட்புறமாக இழுக்கும். சட்டத்தின் மூலை இணைப்பு வாய் பிளந்து, வளைய ஆணி பிடுங்கிக்கொண்டு படம் விழும் விபத்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த விறைப்பே. இரண்டு வளையங்களையும் இரண்டு தனி ஆணிகளில் நேராக மாட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பதால், கனமான படங்களுக்கு அதுவே மேலான முறை.

ஆணி அறையும் சுவரின் இயல்பு இன்னொரு சிக்கல். பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது; மேலே வழவழப்பாக மெருகேற்றிய சுண்ணப் பூச்சு இருக்கும். அதில் இரும்பாணியை நேரே அறைந்தால் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும், ஆணியும் சில நாளில் ஆடும். ஆதலால் உளியால் ஒரு குழி தோண்டி, அதில் உலர்ந்த மர ஆப்பு ஒன்றை இறுக்கி அடித்து, அந்த மரத்தில்தான் ஆணியையோ கொக்கியையோ ஏற்றினர். சுவரில் ஒரு மரத்துண்டு, சட்டத்தில் ஒரு மரத்துண்டு, இடையில் இரும்பு என்ற இந்த அமைப்பே பல தலைமுறைகளாக வீட்டுப் படங்களைத் தாங்கியது. ஆப்பு அடிப்பது நேரம் பிடிக்கும் வேலை என்பதால், வீடு கட்டும்போதே கதவு நிலைகளுக்கு மேலே வரிசையாக ஆப்புகளை வைத்துப் பூசிவிடுவதும் உண்டு.

கதவு நிலைக்கு மேலே என்பது தற்செயலன்று. பழைய வீடுகளிலும் மடங்களிலும் படங்கள் கண்மட்டத்தில் தொங்குவதில்லை. நிலைக்கும் உத்தரத்துக்கும் இடையே, தலைக்கு வெகு உயரத்தில், வரிசையாக முன்னால் குனிந்து நிற்கும். கீழ்விளிம்பு இரண்டு ஆணிகளிலோ சுவரில் பதித்த மரப்பட்டையிலோ உட்கார்ந்திருக்க, மேல்விளிம்பைக் கயிறோ கம்பியோ சங்கிலியோ சுவரிலிருந்து தள்ளிப் பிடித்திருக்கும். கீழே தரையில் அமர்ந்திருப்பவர் அண்ணாந்து பார்க்கும்போது கண்ணாடியில் வாசல் வெளிச்சம் பிரதிபலிக்காமல் இருக்கவும், தெய்வத்தின் முகம் நேரே தெரியவும் இந்தச் சாய்வு உதவியது. ஆனால் அதன் பெரிய பயன் திட்டமிட்டுப் பெறப்பட்டதா என்பது ஐயமே. படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடியதால், மழைக்காலத்தில் ஊறிய சுவரின் ஈரம் திறந்த மர முதுகில் நேரே ஏறாமல் தடுக்கப்பட்டது. மாறாக, சுவரோடு ஒட்ட மாட்டிய படங்களின் முதுகு ஈரம் தேங்கிக் கறையானுக்கு வழியாயிற்று. தரையில் சாத்திய காலத்தில் தற்செயலாக அமைந்த சாய்வும் இடைவெளியும், தொங்கவிட்ட காலத்திலும் இப்படித் தொடர்ந்தது இந்தப் படங்களின் நல்லூழ்.

படம் மாட்டும் பழக்கம் எல்லா வீட்டுக்கும் வந்துசேர்ந்தது பலகைப் படத்தால் அன்று, அச்சுப் படத்தால். ராஜா ரவி வர்மா (1848–1906) பம்பாயில் 1894இல் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்களும், அதைத் தொடர்ந்து வந்த பலருடைய தெய்வப் படங்களும், பிற்காலத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்த நாள்காட்டிப் படங்களும் பலகையின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தன. காகிதத்துக்குக் கண்ணாடி, சட்டம், பின்னட்டை மூன்றும் வேண்டும் என்பதால் ஊருக்கு ஊர் படக்கடைகள் தோன்றி, 'பிரேம் போடுவது' ஒரு தனித் தொழிலாயிற்று. அந்தக் கடைக்காரரின் கையில்தான் பின்னர் தஞ்சாவூர்ப் படங்களும் பழுதுபார்க்கச் சென்றன. காகிதப் படத்துக்குப் போடும் மெல்லிய சட்டத்தையும் சிறிய வளையத்தையும் அவர் கனமான பலகைக்கும் போட்டதில் சேதமான படங்கள் பல. நாள்காட்டியோ, மேலே ஒரு தகரப் பட்டியும் அதில் ஒரு துளையும் போதும் என்று, தொங்கவிடும் கலையையே ஒரு துளையாகச் சுருக்கிவிட்டது. மறைந்தோர் புகைப்படத்துக்கு மாலை போடச் சட்டத்தின் மேல் மூலைகளில் அடிக்கும் இரண்டு சிறு ஆணிகள் பல தெய்வப் படங்களிலும் காணப்படுவது இந்தக் கடைகளின் கைவண்ணமே.

இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்த ஒரு படத்தின் முதுகு, பழக்கப்பட்ட கண்ணுக்குக் கால வரிசையைக் காட்டும். கொல்லன் அடித்த ஆணியின் தண்டு சதுரமாக, நுனி நோக்கிக் கூம்பியிருக்கும். கம்பியை வெட்டி எந்திரத்தில் செய்த உருண்டை ஆணி 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் பரவலாயிற்று. திருகாணிகளில் நுனி மழுங்கியவை முந்தியவை. மரத்தில் தானே துளைத்து ஏறும் கூர்நுனித் திருகாணி அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. மரக்கூழை அழுத்திச் செய்யும் ஹார்ட்போர்டு பின்னட்டையாக அடிக்கப்பட்டிருந்தால், அந்தப் பொருளை வில்லியம் மேசன் அமெரிக்காவில் கண்டுபிடித்தது 1924இல் என்பதால், அட்டை அதற்குப் பின் போடப்பட்டது என்பது உறுதி. தூசி புகாமல் இருக்க முதுகில் ஒட்டிய செய்தித்தாளில் தேதியே அச்சாகியிருக்கலாம். எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆணியும் அட்டையும் தாளும் கடைசியாகச் சட்டம் போட்ட காலத்தைச் சொல்லுமேயன்றி, ஓவியம் எழுதிய காலத்தைச் சொல்லா. 1930ஆம் ஆண்டுச் செய்தித்தாளை முதுகில் ஒட்டிய படம் அதற்கு நூறாண்டு முந்தியதாகவும் இருக்கலாம். பழைய தாளைத் தேடி ஒட்டிய நேற்றைய படமாகவும் இருக்கலாம். பழம்பொருள் சந்தையில் பின்னதற்கும் பஞ்சமில்லை. போலியைப் பிரிக்க உதவுவது பொருள்களின் பொருத்தம்தான். பலகையில் வேலையற்றுக் கிடக்கும் பழைய ஆணித் துளைகள், கயிறு உராய்ந்த தேய்வு, சட்டத்தால் மறைந்த விளிம்பில் மட்டும் வெளுத்திருக்கும் பலா மரத்தின் மஞ்சள் ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

சுவருக்காகச் செய்யப்படாத மரவேலை சுவரேறிய கதையும் தமிழகத்தில் உண்டு. அது இவ்வளவு இனிமையானதன்று. கோயில் தேரின் அடிப்பகுதியில் அடுக்கடுக்காகப் பொருத்தப்படும் சிற்பப் பலகைகள் தேரின் சட்டகத்தோடு கழுந்தும் துளையுமாக, அதாவது ஒன்றின் நீட்சி மற்றொன்றின் பள்ளத்தில் நுழையுமாறு, பிணைக்கப்படுபவை. தேர் பழுதாகிப் பிரிக்கப்படும்போது இந்தப் பலகைகள் கைமாறி, காரைக்குடி போன்ற இடங்களின் பழம்பொருள் கடைகளில் சுவர் அலங்காரமாக விற்பனைக்கு வந்தன. கடைக்காரர் செய்யும் முதல் வேலை முதுகிலுள்ள கழுந்தை அறுத்துச் சமமாக்கி, அங்கே ஓர் இரும்பு வளையத்தை ஏற்றுவது. அந்த அறுப்போடு, பலகை எந்தத் தேரில் எந்த நிலையில் எத்திசையில் இருந்தது என்பதற்கான சான்றும் போய்விடுகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்படி தொல்பொருள்களே. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. சட்டம் எல்லையைக் காத்தாலும் கழுந்தைக் காக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் சுவருக்கென்றே புடைப்புச் சிற்பங்கள் செதுக்கும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களின் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்ப்பலகையை நாடும் வீட்டுக்காரர்கள் அரும்பாவூர்ப் பலகையை வாங்கினால் இரு தரப்புக்கும் நன்மை.

20ஆம் நூற்றாண்டில் சுவரும் மாறியது, பலகையும் மாறியது. சிமெண்டுப் பூச்சும் கான்கிரீட்டும் வந்தபின் மர ஆப்பின் இடத்தைப் பிடித்தது செருகு குழாய். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேய ஒப்பந்தக்காரர் சணல் நாரைப் பசையால் இறுக்கிச் செய்த குழாய்க்கு 1911இல் காப்புரிமை பெற்றார். சுவரில் துளையிட்டு அதைச் செருகித் திருகாணியை ஏற்றினால் நார் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். நம் ஊர் மின்பணியாளர்கள் இன்றும் சொல்லும் 'ராவல் பிளக்' அதன் வழிவந்த பெயரே. அதையே நைலானில், பக்கவாட்டில் விரியும் பற்களோடு, ஜெர்மானியரான ஆர்தர் ஃபிஷர் 1958இல் உருவாக்கினார். ஆப்பு அடிக்கும் தச்சரின் அரைநாள் வேலை துளையிடும் எந்திரத்தின் ஐந்து நிமிட வேலையானது. பலகையின் பக்கம், பலா மரத்துக்குப் பதிலாக ஒட்டுப்பலகை வந்தது. மெல்லிய மரத் தாள்களை நார்த்திசை மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டியது என்பதால், ஒரு தாள் விரிய முனைவதை அடுத்த தாள் தடுத்துவிடுகிறது. குறுக்குக் கட்டை, வளைவு, இணைப்பு வெடிப்பு ஆகிய பழைய கவலைகள் பெரும்பாலும் நீங்கின. 2000களின் பிற்பகுதியில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் ஓவியத்தின் இன்றைய உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் ஒட்டுப்பலகையில்தான் நடக்கிறது. மரபுவாதிகள் இதைக் குறை சொல்வதுண்டு. ஆனால் நீர் தாங்கும் நல்ல ஒட்டுப்பலகை, சரியாக உலராத பலாப் பலகையைவிடப் படத்துக்கு நல்லது என்பதே மரத்தின் இயல்பை அறிந்தவர் தரக்கூடிய தீர்ப்பு. கவலைப்பட வேண்டியது ஒட்டுப்பலகைக்காக அன்று, அதே நம்பிக்கையில் பழைய பலாப் படங்களையும் புதிய முறையில் இறுக்கிவிடும் கைகளுக்காகவே.

பழைய பலகைப் படம் வைத்திருக்கும் குடும்பங்களும் மடங்களும் அதைப் புதுச் சட்டத்துக்குக் கொடுக்கும் முன் சில செய்ய வேண்டும். முன்புறத்தோடு முதுகையும் புகைப்படம் எடுத்து, கழற்றிய ஆணி, வளையம், தாள் எதையும் குப்பைக்கு அனுப்பாமல் ஒரு பையில் இட்டுப் பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். புது வளையங்களைப் பலகையில் ஏற்றாமல் சட்டத்தின் இரு பக்கக் கட்டைகளில் மட்டும் ஏற்றவும், பலகையைச் சுற்றி விரல் நகத்தளவு இடைவெளி விடவும், படத்தின் கீழ்மூலைகளில் இரண்டு கட்டைத் துண்டுகள் வைத்துச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தவும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகங்கள் வெளியிடும் தஞ்சாவூர் ஓவியப் பட்டியல்களில் ஒவ்வொரு படத்துக்கும் பின்புறப் படம் ஒன்றையும் சேர்த்து அச்சிட வேண்டும்.